போனை வெச்சுட்டாங்க!

என் வீட்டில் கரன்ட் போனால் எது ஓடும், எது ஓடாது என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. ஹால் ஃபேன், பெட்ரூம் ஃபேன், சமையலறை ட்யூப்லைட், பூஜை அலமாரி ஜீரோ வாட்ஸ் பல்ப். இந்த நாலும் இன்வர்ட்டரில். பட்டியல் தயாரித்தவர் என் சகதர்மிணி. இன்டர்நெட் ரௌட்டர் அதில் கிடையாது. 'கரன்ட் இல்லாதப்பவாவது மனுஷங்க மூஞ்சியைப் பாருங்க' என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சி என்று ஒன்று எங்கள் வீட்டில் பதிவு பெறவில்லை.

2018 நவம்பரில் ஒரு நாள். ரிட்டயர் ஆனதிலிருந்து நான் எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் கௌரவ கம்ப்யூட்டர் ஆசாமி. சம்பளம் கிடையாது. மாதக் கூட்டத்தில் இரண்டாவது வடையைக் கூச்சப்படாமல் எடுக்கலாம், அவ்வளவே. உறுப்பினர்களின் பழைய சர்வீஸ் பதிவேடுகளை ஸ்கேன் செய்து, எங்கோ ஒரு வாடகை சர்வரில் வைத்திருந்தோம். மொத்தம் 41,000 பக்கம். அத்தனையையும் சுருக்கி, சரிபார்த்து, புது சர்வருக்கு மாற்ற வேண்டும். பழைய சர்வரின் வாடகை மறுநாள் நள்ளிரவோடு சரி. இப்படிக் கடைசி நாள் வரை தள்ளிப்போட்டது யார் என்று கேட்காதீர்கள். கௌரவப் பதவி.

சாயந்திரம் நாலு மணிக்கு மடிப்பாக்கம் வீட்டில் உட்கார்ந்து, லேப்டாப்பில் கறுப்பு ஜன்னலைத் திறந்து, எஸ்எஸ்ஹெச் மூலம் அந்த சர்வருக்குள் நுழைந்து, ஒரு வரி கட்டளை தட்டினேன். 1, 2, 3 என்று எண்கள் ஓட ஆரம்பித்தன. போகிற வேகத்தைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும் போலிருந்தது.

ஆறு மணிக்குத் தென்காசியிலிருந்து அக்கா போன்.

"தம்பி, அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். இடுப்பெலும்புன்னு சொல்லுதாவ. நீ ராத்திரி பொதிகையில ஏறிரு."

ஏறியிருக்கலாம். எமர்ஜென்சி என்று சொல்லி டி.டி.ஆரிடம் கெஞ்சினால் ஒரு மூலை கிடைக்காமலா போகும்? ஆனால், லேப்டாப்பை மூடினால் இணைப்பு போய்விடும். இணைப்பு போனால் வேலை செத்துவிடும். திரும்ப ஒன்றிலிருந்து. நாளை நள்ளிரவுக்குள் முடியாது. நான் அக்காவிடம் சொன்ன வாக்கியம் இது: "அக்கா, ஒரு வேலை ஓடிட்டிருக்கு. காலைல கிளம்பிடறேன்."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா ஒன்றும் சொல்லாமல் இருப்பது எங்கள் குடும்பத்தில் ஒரு நிகழ்ச்சி.

லேப்டாப் பக்கத்திலேயே தட்டில் சாப்பாடு. பாத்ரூம் போகும்போதுகூட அது தூங்கிவிடக் கூடாதே என்று மனைவியை உட்கார வைத்து, நிமிஷத்துக்கு ஒரு தரம் மவுஸை அசைக்கச் சொன்னேன். ராத்திரி 1.40. எண் 31,000-ஐத் தாண்டியிருந்தது. எங்கோ டொப் என்று ஒரு சத்தம். தெருக்கோடி ட்ரான்ஸ்ஃபார்மர். ஹால் ஃபேன் கம்பீரமாகச் சுற்றியது. ஜீரோ வாட்ஸ் பல்ப் பிரகாசித்தது. ரௌட்டரின் பச்சைக் கண்கள் மட்டும் மூடிக்கொண்டன.

ஒண்ணேகால் மணி நேரம் கழித்துக் கரன்ட் வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால், வேலை செத்து ஒண்ணேகால் மணி நேரம் ஆகியிருந்தது. நான் எழுதின புரோகிராம், எதுவரை முடித்தோம் என்று கடைசியில்தான் குறித்துவைக்கும். ரயிலும் போச்சு, வேலையும் போச்சு.

மறுநாள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது ஆபரேஷன் முடிந்திருந்தது. சம்மதப் படிவத்தில் மகன் கையெழுத்து வேண்டும் என்று கேட்டார்களாம். அக்கா தன் பெயரை எழுதி, பக்கத்தில் 'மகள்' என்று கொஞ்சம் பெரிதாகவே எழுதியிருந்தாள். அந்தத் தாளை ஃபைலிலிருந்து எடுத்து எனக்குக் காட்டவும் செய்தாள்.

*

ஆஸ்பத்திரி வராந்தாவில், ஃபிளாஸ்க் காபியோடு அக்கா மகனிடம் என் சோகத்தைச் சொன்னேன். சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, ஸ்க்ரீன் போடலியா?"

"ஜன்னலுக்கா?"

அவன் சிரிக்கவில்லை. அந்தப் பையனிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

உங்களுக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வேலை நடப்பது எங்கோ இருக்கும் சர்வரில். அங்கே கரன்ட் போகவில்லை, இன்டர்நெட் போகவில்லை. மடிப்பாக்கத்தில் நான் வெறும் பார்வையாளன். பார்வையாளன் தியேட்டரை விட்டு எழுந்து போனால் புரொஜெக்டர் ஏன் நிற்க வேண்டும்?

அதற்குப் பழைய கதை ஒன்று இருக்கிறது. யூனிக்ஸ் பிறந்த காலத்தில் கம்ப்யூட்டர் என்பது ஊருக்கு ஒன்று. ஆளுக்கொரு டெர்மினல், தூரத்தில் இருப்பவர்களுக்குப் போன் லைன் வழியாக. வேலை முடிந்ததும் ரிசீவரை வைத்துவிடுவார்கள். ஆள் போன பிறகும் அவருடைய புரோகிராம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் அடுத்தவர்களுக்கு மெஷின் கிடைக்காது. அதனால், லைன் துண்டித்ததும் அந்த ஆளுடைய புரோகிராம்களுக்கெல்லாம் 'போனை வெச்சுட்டாங்க' என்று மெஷின் ஒரு தகவல் அனுப்பும். அதன் பெயரே சிக்-ஹப். ஹப் என்பது ஹேங்-அப்பின் சுருக்கம். யூனிக்ஸ் சிக்னல்களில் இதற்கு நம்பர் 1. வேறு ஏற்பாடு செய்துகொள்ளாத எந்தப் புரோகிராமும் இதைக் கேட்ட மாத்திரத்தில் உயிரை விட்டுவிட வேண்டும். சட்டம் அப்படி.

போன் லைன் போய்விட்டது. மோடமும் போய்விட்டது. 96-ல் நான் மோடம் வைத்திருந்தபோது, சமையலறை எக்ஸ்டென்ஷனில் யாராவது ரிசீவரை எடுத்தாலே லைன் அறுந்துவிடும். 'யாராவது' என்று நாகரிகமாகச் சொல்கிறேன். இன்று ஃபைபர் வந்து, கம்பியில்லாமல் காற்றில் வந்து, எல்லாம் ஆகியும் அந்தச் சட்டம் மட்டும் இருக்கிறது. ரௌட்டர் அணைந்தது வெறும் கரன்ட்டால். ஆனால் சர்வருக்குத் தெரிந்தது, நான் போனை வைத்துவிட்டேன் என்பதுதான்.

இதற்கு 'நோஹப்' என்று ஒரு எளிய மருந்து உண்டு. கட்டளைக்கு முன்னால் அதைச் சேர்த்துவிட்டால் புரோகிராம் அந்தத் தகவலைக் காதில் போட்டுக்கொள்ளாது. தன் பாட்டுக்கு ஓடி, சொல்ல வேண்டியதை ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். ஆனால் அது ஒருவழிப் பாதை. நடுவில் அது உங்களிடம் ஏதாவது கேட்க நினைத்தால் கேட்க முடியாது. நீங்கள் போய் மறுபடி அதன் எதிரில் உட்காரவும் முடியாது. பிள்ளையை ஹாஸ்டலில் விட்ட மாதிரி. மார்க் ஷீட் மட்டும்தான் வரும்.

ஸ்க்ரீன் வேறு ஜாதி. பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் லௌமன், கார்ஸ்டன் போர்மன் என்ற இருவர் 1987-ல் எழுதியது. ஒரே டெர்மினலில் பல ஜன்னல்களை மாற்றி மாற்றிப் பார்க்க வழி செய்தார்கள். கூடவே வந்த இன்னொரு வசதிதான் எனக்கு உயிர். விட்டுவிட்டுப் போகலாம், திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளலாம். இந்த யோசனை அவர்களுக்கும் முந்தியது. பிடிபி-10 என்ற பீரோ சைஸ் மெஷின்களில் ஓடிய டாப்ஸ்-10-இலேயே டிடாச், அட்டாச் என்று இரண்டு கட்டளைகள் இருந்தன. எனவே மனிதன் பாதியில் எழுந்து போவான் என்பதை யோசித்தவர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள்.

எப்படி நடக்கிறது? ஸ்க்ரீன் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. புரோகிராமுக்கு ஒரு பொய் டெர்மினலைக் காட்டி, 'இதுதான் எஜமான்' என்று நம்பவைக்கிறது. புரோகிராம் அதனிடம் பேசுகிறது. அது உங்களிடம் சொல்கிறது. உங்கள் பக்கத்து லைன் அறுந்தால் அடி விழுவது ஸ்க்ரீனின் முன்வாசலுக்குத்தான். உள்ளே இருக்கும் புரோகிராமுக்கு எதுவுமே தெரியாது. அதன் எஜமான் அசையாமல் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் நடக்கும் களேபரம் எதுவும் தெரியாமல் மாடியில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை மாதிரி.

மருமகன் ஆஸ்பத்திரி பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'ஸ்க்ரீன்' என்று தட்டி, ஒரு கோடு, பெரிய எஸ், பிறகு ஒரு பெயர். சின்ன எஸ் போட்டால் அர்த்தமே வேறு, ஜாக்கிரதை. உள்ளே போய் வழக்கம்போல் வேலையை ஆரம்பிக்க வேண்டியது. கிளம்ப நினைத்தால் கன்ட்ரோலோடு ஏ, கையை எடுத்துவிட்டு டி. 'டிடாச்டு' என்று ஒரு வார்த்தை வரும். லேப்டாப்பை மூடிவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். வந்த பிறகு 'ஸ்க்ரீன்' கோடு எல்எஸ் என்றால் என்னென்ன காத்திருக்கின்றன என்று பட்டியல். கோடு ஆர் போட்டுப் பெயர் சொன்னால் விட்ட இடம் கண்ணெதிரில்.

"டி அடிக்க மறந்துட்டேன், கரன்ட் போயிடுச்சு, அப்ப?"

"பரவால்ல மாமா. லைன் அறுந்தா அதுவே டிடாச் பண்ணிக்கும். சில சமயம் நீங்க போனது சர்வருக்கு இன்னும் தெரியாம, 'அட்டாச்டு'ன்னு காட்டும். அப்ப கோடு டி, கோடு ஆர், ரெண்டும் சேத்துப் போடுங்க. அங்க ஒட்டிட்டிருக்கற பழைய உங்களைப் பிச்சுப் போட்டுட்டு, புது உங்களை ஒட்டிடும்."

பழைய என்னைப் பிய்த்துப் போட இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். கட்டில் பக்கத்தில் அக்கா அம்மாவுக்கு ஹார்லிக்ஸ் ஆற்றிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பழைய சர்வருக்கு இன்னொரு மாத வாடகை கட்டி, ஸ்க்ரீனுக்குள் வேலையை ஓடவிட்டு முடித்தேன். சங்கப் பொருளாளர் அந்த வாடகையைப் பற்றி மூன்று கூட்டங்களில் பேசினார். இரண்டாவது வடையை நானே நிறுத்திக்கொண்டேன்.

*

புதிதாகச் சைக்கிள் பழகியவன் தெருமுனைக் கடைக்கும் சைக்கிளில்தான் போவான். நானும் தொட்டதற்கெல்லாம் ஸ்க்ரீன் போட்டேன். பெயர் வைக்கச் சோம்பல். இரண்டு மாதம் கழித்துப் பட்டியல் கேட்டால் வெறும் நம்பர்களாக ஒன்பது நின்றன. எது எதற்கென்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தேன், பரண் சுத்தம் செய்கிற மாதிரி. ஒன்றில் என்றோ முடிந்துபோன வேலை. ஒன்றில் வெறும் கர்சர், தேமே என்று துடித்துக்கொண்டு. ஒன்றில் பொருளாளருக்கு நான் படுகோபமாக எழுத ஆரம்பித்துப் பாதியில் விட்ட கடிதம், அப்படியே, கடைசி வார்த்தை முடியாமல். இரண்டு மாதத்துக்கு அப்புறம் படித்தபோது அவர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகப் பட்டது.

இன்னொரு தரம் ஸ்க்ரீனுக்குள் ஸ்க்ரீனைத் திறந்துவிட்டேன். வீட்டு கம்ப்யூட்டரில் ஒன்று, அதற்குள்ளிருந்து போன சர்வரில் ஒன்று. கன்ட்ரோல்-ஏ, டி அடித்தால் வெளியில் இருப்பது கழன்றுகொள்கிறது. உள்ளே இருப்பதைக் கழற்ற, கன்ட்ரோல்-ஏ, மறுபடி வெறும் ஏ, அப்புறம் டி. வெளித்திண்ணையில் இருப்பவரிடம் 'உள்ள சொல்லுங்க' என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதே ஜன்னலில் இரண்டு பேர் ஒட்டிக்கொள்ளலாம். நான் ஏதாவது குழப்பிவிட்டால், மருமகன் அங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்வான். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க, எழுத்துகள் தானாக ஓடும். முதல் தடவை என் மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க, பேய் டைப் அடிக்குது!" என்றார். பேய்க்கு என்னைவிட ஸ்பெல்லிங் நன்றாக வந்தது.

இப்போது இளைஞர்கள் டிமக்ஸ் என்கிறார்கள். நிக்கோலஸ் மாரியட் என்பவர் 2007-ல் வெளியிட்டது. தத்துவம் அதேதான். கன்ட்ரோல்-ஏ-வுக்குப் பதில் கன்ட்ரோல்-பி. ஏன் பி என்றால், அவர் டிமக்ஸை உருவாக்கியதே ஸ்க்ரீனுக்குள் உட்கார்ந்துதானாம். இரண்டும் மோதக் கூடாதே என்று தள்ளிவைத்தாராம். மாமியார் வீட்டில் இருந்துகொண்டே தனிக்குடித்தனத்துக்கு வீடு பார்த்த மாதிரி.

இரண்டுக்கும் ஒரே எமன், ரீஸ்டார்ட். சர்வரையே அணைத்து எழுப்பினால் எல்லாம் போச்சு. 2016-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. லினக்ஸில் சிஸ்டம்டி என்ற நிர்வாகி இருக்கிறார். அதன் 230-ஆம் பதிப்பில், ஆள் லாக்-அவுட் ஆனால் அவருடையது என்று மிச்சமிருக்கும் அத்தனையையும் தீர்த்துக்கட்டு என்பதை வழக்கமாக்கிவிட்டார்கள். ஸ்க்ரீன், டிமக்ஸ் எல்லாமும் அந்தக் கணக்கில் காலி. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். டெபியன்காரர்கள் அந்த வழக்கத்தைத் திருப்பி மாற்றிக்கொண்டார்கள். குப்பை கூட்டுபவர் மேல் தப்பில்லை. உண்மையிலேயே கைவிடப்பட்டது எது, திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனது எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

*

2019 ஜூலை. உறுப்பினர் பட்டியலைப் பழைய டேட்டாபேஸிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டிருந்தேன். மறுபடி ஒரு நெடும் வேலை. சாயந்திரம் அஞ்சரைக்கு அக்கா போன். எட்டு மாதத்தில் அவள் தானாக எனக்குப் போன் செய்தது அன்றுதான்.

"அம்மா ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கா. உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா. உனக்கு வேலை இருக்கும்..."

கடைசி வார்த்தையை இழுத்தாள் பாருங்கள், அதில் எட்டு மாதமும் இருந்தது.

"இல்லக்கா. வாரேன்."

கன்ட்ரோல்-ஏ. டி. 'டிடாச்டு.' லேப்டாப்பை மூடினேன். பையில் எடுத்து வைக்கவில்லை. மேஜை மேலேயே விட்டேன்.

காலையில் நான் போய் நின்றபோது அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாய் இளைத்திருந்தாள். "ஏலே, வந்துட்டியா?" என்றாள். மோர்சாதம் கரைத்துக் கொடுத்தேன். நாலு ஸ்பூன் இறங்கியது. அக்கா நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் மிசினை யாருலே பாத்துக்கிடுதா?" என்றாள் அம்மா. போன தடவை நான் ஏன் வரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதுவரை எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும் என்று.

"யாரும் பாக்க வேண்டாம்மா. அது பாட்டுக்கு ஓடும். நான் போய்ப் பாத்துக்கிடலாம்."

டெர்மினல், சிக்னல், பொய் எஜமான் என்றெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: "அதானே. பாலுக்கு உறை ஊத்திட்டு விடிய விடிய சட்டிப் பக்கத்துலயா உக்காந்திருப்பாவ?"

நான் முப்பது வருஷம் கம்ப்யூட்டரோடு குப்பை கொட்டியவன். அம்மா ஐந்தாம் கிளாஸ்.

"அப்பம் போன தடவை மட்டும் ஏன் உக்காந்திருந்தே?" என்று அவள் கேட்கவில்லை. நிலைப்படியில் நின்றவளும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அக்கா எனக்கு இலை போட்டு, அவியலை இரண்டாம் முறை கேட்காமலே வைத்தாள்.

ஐந்து நாள் இருந்தேன். அம்மா அஞ்சாம் நாள் இட்லிக்கு மிளகாய்ப்பொடி கேட்டாள். ஊருக்குப் போகலாம் என்று டாக்டரைவிட அந்த மிளகாய்ப்பொடி எனக்குத் தெளிவாகச் சொன்னது. இடையில் ஒரு தடவையாவது மருமகன் லேப்டாப்பை வாங்கி எட்டிப் பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

மடிப்பாக்கம் வந்து, குளித்து, காபி குடித்து, சாவகாசமாக லேப்டாப்பைத் திறந்தேன். ஸ்க்ரீன், கோடு ஆர், பெயர். இந்தத் தடவை பெயர் வைத்திருந்தேன். ஜன்னல் திறந்தது. வேலை முடிந்து நாலு நாளாகியிருக்கும் என்ற நினைப்பில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

நான் கிளம்பின அன்றைக்கு ராத்திரி 7.52-க்கு, எழும்பூரில் பிளாட்ஃபாரத்தில் நான் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்த நேரம், அது ஒரு கேள்வி கேட்டிருந்தது. இதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறது, மேலே எழுதிவிடலாமா, ஒய் ஆர் என்?

பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அஞ்சு நாளாக.

"என்னங்க, முடிஞ்சிடுச்சா?" என்றார் சகதர்மிணி சமையலறையிலிருந்து.

"இப்பதான் கேக்குது" என்று சொல்லிவிட்டு, ஒய்யைத் தட்டினேன்.